மெக்கானிக்ஸ் வகுப்பில் புரிகிறது, தேர்வில் கணக்கு வரவில்லை. ஏன்?

பேராசிரியர் போர்டில் போடும்போது, எந்தச் சமன்பாட்டில் தொடங்குவது என்ற முடிவை அவரே எடுத்துவிடுகிறார். நீங்கள் பார்ப்பது மிச்சமிருக்கும் கூட்டல் கழித்தலைத்தான். தேர்வில் அந்த முதல் முடிவில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அதனால் தீர்த்த கணக்கை வாசிப்பதை விட்டுவிடுங்கள். கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு விடையை மூடுங்கள். முதலில் படம்: பீமை, அதாவது சுமை தாங்கும் உத்திரத்தை, தாங்கிகளிலிருந்து பிரித்து வரைந்து, தாங்கி தரும் விசைகளை (ரியாக்‌ஷன்) குறியுங்கள். கான்டிலீவர் (ஒரு முனை மட்டும் பதித்த பீம்) என்றால் பதித்த முனையில் விசையோடு ஒரு மொமெண்டும் (திருப்பும் விளைவு) உண்டு. பலர் விடுவது இதைத்தான்.

மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், பீமின் நீளம் முழுக்கப் பரவிய சுமை. இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கிய 4 மீட்டர் பீமில் மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் என்றால், மொத்தம் 12 கிலோநியூட்டனை நடுவில் ஒரே புள்ளியில் வைத்து ரியாக்‌ஷன் கண்டுபிடிக்கலாம். இரு பக்கமும் 6, சரியாக வரும். அதே படத்தை வைத்து வளைவு மொமெண்ட் (பீமை வளைக்கும் மொமெண்ட்) போட்டால் நடுவில் 12 கிலோநியூட்டன் மீட்டர் வரும். உண்மையான விடை 6. சரிபாதி! ரியாக்‌ஷன் கிடைத்ததும் பரவிய சுமையைத் திரும்பப் படத்தில் போட்டுவிட வேண்டும்.

கால்குலேட்டரைத் தொடுமுன் விடையை ஊகியுங்கள். இரு முனையிலும் தாங்கிய பீமில் சுமை இடப்பக்கம் நெருங்கியிருந்தால் இடது ரியாக்‌ஷன் பெரிதாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. அலகுகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

20 நிமிடம் முட்டியும் நகராவிட்டால் பேராசிரியரிடம் போகலாம், வெறுங்கையோடு அல்ல. வரைந்த படத்தோடு போனால் பிழை இருக்கும் இடத்தை உடனே காட்டிவிடுவார்.