நிர்வாண ஓவியத்துக்கு ஆபாச வழக்கு வருமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஓவியனாக இருக்கிறேன். மாடலை வைத்து வரைந்த நிர்வாணக் கரி ஓவியம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டேன். ஆபாசம் என்று யாரோ புகார் கொடுக்க, காவல் நிலையத்தில் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். "கலைக்கு விலக்கு உண்டு, கேஸ் நிற்காது" என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். விலக்கு உண்டு. ஆனால், பொதுநலன் கருதி, கலைக்காகச் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதனால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாதம், 'இது ஆபாசமே இல்லை' என்பதுதான். ஆபாசம் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை.

இணையத்தில் போட்டதால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு வரும். முதல் முறை என்றால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், பயப்பட வேண்டாம்.

எது ஆபாசம்? மிகப் பலவீனமான மனதையும் கெடுக்குமா என்று பார்க்கும் பழைய ஆங்கிலேய அளவுகோலை 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. படைப்பை முழுதாக, இன்றைய சமூகத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். பாலுணர்வைத் தூண்டாத நிர்வாணம் ஆபாசமாகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தின் கண் என்பது நடைமுறையில் உங்கள் வழக்கைக் கேட்கும் நீதிபதியின் கண்தான். சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' என்ற வங்க நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் வெளியானது. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆபாசம் என்றன. கொச்சையாக இருப்பதெல்லாம் ஆபாசமில்லை என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பக்கங்கள் அதேதான், படித்தவர்கள்தான் வேறு. உங்கள் பக்கம் சட்டம் இருந்தாலும் அலைச்சல் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பதிவை அவசரமாக அழிக்காதீர்கள். ஆதாரத்தை மறைத்தீர்கள் என்பார்கள். மூல ஓவியம், பயிற்சிக் கோடுகள், மாடலின் சம்மதக் கடிதம், கண்காட்சி அழைப்பிதழ் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். நிலையத்துக்கு வழக்கறிஞரோடு போங்கள். எஃப்ஐஆர் பதிவானால், அதை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போடலாம்.

மாடல் 18 வயது நிரம்பாதவர் என்றால் மட்டும் மேலே சொன்னதை நம்பி இருக்காதீர்கள். அதே சட்டத்தில் சிறாரை ஆபாசமாகக் காட்டுவதற்கான 67பி பிரிவு, சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் என்று வழக்கின் போக்கே மாறிவிடும். உடனே நேரில் ஆலோசனை பெறுங்கள்.