மோனேயின் அல்லிக்குளம் மடிப்பாக்கத்தில் வருமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 12க்கு 20 அடி இடம் இருக்கிறது. ஓவியர் மோனேயின் அல்லிக்குளம் மாதிரி தோட்டம் போட மனைவிக்கு ஆசை. ஒருவர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டி, குளம், பாலம், கொரியன் புல் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு செடியின் பெயர், உயரம், எண்ணிக்கை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு போன் எடுக்கமாட்டார்கள். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். லேண்ட்ஸ்கேப் டிசைனர் என்று கார்டு அடிக்க ஒன்றும் வேண்டாம். செடி பட்டுப்போன பிறகு நீங்கள்தான் அலைய வேண்டும். கையில் எழுத்து இல்லாமல் எங்கே போய் எதை நிரூபிப்பது? இத்தனை வருடமாக இதை யாரும் சரிசெய்யவில்லை.

சரி, மோனேவுக்கு வருவோம். பிரான்சில் கிவெர்னி என்ற ஊரில் 1893இல் நிலம் வாங்கி, ஆற்றுக் கிளையிலிருந்து தண்ணீர் திருப்பி அந்தக் குளத்தை வெட்டினார். பாலம் அவர் வீட்டுச் சுவர் நிறைய மாட்டியிருந்த ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து வந்தது. படத்தைப் பார்த்துத் தோட்டம், தோட்டத்தைப் பார்த்துப் படம். அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; உங்களுக்குத் தேங்கி நிற்கும், கொசு வரும். பாலத்தின் மேல் தொங்கும் விஸ்டீரியா குளிர்காலம் கேட்கும் கொடி. வெட்டிய குளம், பாலம் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது தண்ணீரில் தெரியும் வானத்தை. கிணற்று உறை விற்கும் இடத்தில் 3 அடி உறை ஒன்று வாங்கி, அடியைப் பூசி, உள்ளே கறுப்பு அடியுங்கள். கறுப்பாக இருந்தால்தான் தண்ணீர் கண்ணாடியாகும். புது சிமெண்டில் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, மாற்றி, சுண்ணாம்பு போன பிறகே செடி. நாலைந்து கப்பி மீன் விட்டால் கொசுப் புழுவைத் தின்றுவிடும். அல்லி இலை தண்ணீரில் பாதிக்கு மேல் பரவினால் கிள்ளிவிடுங்கள்.

அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நர்சரியில் பகலில் பூத்திருப்பதைக் காட்டித் தருவார்கள். பெரும்பாலும் அது மாலைக்குள் கூம்பிவிடும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புகிறீர்கள் என்றால், பூவையே பார்க்கமாட்டீர்கள். அப்படியானால் மட்டும் இரவில் மலரும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். நிலவைப் பார்த்து மலரும் ஆம்பல் என்று பாட்டில் படித்தோமே, அந்த வகைதான். இருட்டும்போது விரிந்து மறுநாள் முற்பகல் வரை இருக்கும். ஆனால் இரவில் பூப்பதற்கும் பகல் வெயில் வேண்டும்; நிழலில் வைத்துவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

சுற்றிலும் என்ன நடுவது? நம்மைப் போலவே புழுக்கமான ஊரில் தோட்டங்கள் அமைத்த பிரேசில்காரர் பர்லே மார்க்ஸைப் பாருங்கள். அவரும் ஓவியர். ஒரே செடியைக் கூட்டமாக நட்டு, தூரிகையால் தீற்றியது போல நிறத்தை விட்டார். நம் ஆட்கள் நாற்பது வகையில் ஒவ்வொன்று நடுவார்கள், லாபம் அதில்தான். நீங்கள் ஒரு பக்கம் முழுக்க நந்தியாவட்டை, எதிரே சிவப்பு இட்லிப்பூ, உறையின் பின்னால் கல்வாழை. போதும். கொரியன் புல் வேண்டாம். அடுத்த வீட்டு நிழலில் மஞ்சளடித்துவிடும்.

முதலில் உறையை மட்டும் வையுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை நடலாம்.