முதலில் நோட்டு, அப்புறம் கடன்: வட சென்னை சிறு உணவுத் தொழில் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் 16 வருடமாக ஊறுகாயும் பொடியும் போட்டு விற்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, லேபிள் பார்த்துக் கொடுப்பது எல்லாம் அதோடு சேர்ந்து நடக்கிறது. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி கடனைப் பற்றித்தான். அதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் சரக்கு கெடுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கெடுகிற சரக்கை வைத்துக்கொண்டு கடன் வாங்கினால் கெடுவதும் பெரிய அளவில் கெடும்.

பெரம்பூரிலிருந்து: அக்கா, மாங்காய் ஊறுகாய் ஒரு தடவை ஆறு மாதம் நிற்கிறது, அடுத்த தடவை இருபதே நாளில் மேலே பூஞ்சை கட்டுகிறது. அதே மாங்காய், அதே எண்ணெய், உப்பும் அதே கை அளவுதான். என்ன தப்பு?

தப்பு அந்தக் கை அளவில்தான் இருக்கிறது. எனக்கும் இது நடந்தது. தொழில் தொடங்கி நாலாவது வருடம் 40 பாட்டில் திரும்பி வந்தது. உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாரம் உப்புப் போட்டது என் நாத்தனார். அவர் கை என் கையைவிடச் சின்னது. அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, எத்தனை கிலோ காய், எத்தனை கிராம் உப்பு, எந்தக் கடை எண்ணெய், யார் கலந்தது, பாட்டில் எத்தனை என்று ஒவ்வொரு போடுக்கும் ஒரு வரி. இன்றுவரை அதை விடவில்லை. எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள், உப்பை எடை போட்டே சேருங்கள்.

அடுத்தது ஈரம். காயைக் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்தி, அதற்கப்புறம்தான் வெட்ட வேண்டும். பாட்டிலில் எண்ணெய் காய்க்கு மேலே ஒரு விரல் நிற்க வேண்டும். வெளியே தலை நீட்டும் துண்டில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கையடக்க பி.எச். மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு ஏற ஏற அது காட்டும் எண் குறையும். அந்த எண் 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராது. நான் 4-க்குக் கீழே வந்தால்தான் பாட்டிலில் அடைக்கிறேன். மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் அது தானாக வந்துவிடும். பூண்டுக்கும் இறாலுக்கும் வராது. அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது, எண்ணெய்க்கு அடியில் சுகமாக வளரும், வாடையும் காட்டாது. அதனால் பூண்டு ஊறுகாயோ இறால் ஊறுகாயோ போடுகிறவர்கள் வினிகர், புளி, எலுமிச்சைச் சாறு சேர்த்து அளந்து பார்க்காமல் தயவுசெய்து விற்க வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து: நானும் என் அம்மாவும் கருவாடு போடுகிறோம். வியாபாரம் ஓடுகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. பெரிய இடம் எடுத்தால் சரியாகுமா?

இடம் எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு கணக்குப் போடலாம், வாங்க. நெத்திலியில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கருவாடு வர மூன்றிலிருந்து நாலு கிலோ பச்சை மீன் போகும். ஏலத்தில் கிலோ 100 ரூபாய்க்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள், மூன்றரைக் கிலோவுக்கு 350. ஐஸ், ஆட்டோ, உப்பு, கவர் சேர்த்து 40. இதுவரைக்கும் எல்லாரும் எழுதுகிறார்கள். அம்மா காலையில் கழுவி அலசியது, மத்தியானம் திருப்பிப் போட்டது, சாயந்தரம் அள்ளியது, இதற்கு யாரும் ஒரு ரூபாய்கூட எழுதுவதில்லை. ஒரு கிலோவுக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்தாலே அடக்கம் 450. நீங்கள் 450-க்கு விற்றால் அம்மாவின் கூலிதான் கைக்கு வருகிறது, லாபம் வரவில்லை. அம்மா கூலியை முதல் வரியாக எழுதுங்கள். எழுதின பிறகு விலை சொல்லத் தைரியம் வரும்.

அப்புறம் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான். நல்ல வெயில் அடிக்கிற நேரத்தில் காய வைக்க மீன் இருக்காது, ஆனால் கருவாட்டுக்கு அப்போதுதான் கிராக்கி. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் போட்டதைக் கெடாமல் ஜூன் வரை வைக்கத் தெரிந்தவருக்குத்தான் காசு. உங்களுக்கு வேண்டியது பெரிய இடம் அல்ல, நன்றாகக் காய வைப்பதும் நல்ல சேமிப்பும்.

மணலில் போடுவதை விட்டுவிடுங்கள். மூங்கில் சட்டத்தில் வலை கட்டி இடுப்பு உயரத்தில் காய வைத்தால் அடியிலும் காற்றுப் போகும், சீக்கிரம் காயும், மண் கடிபடாது. வாளை மாதிரிப் பெரிய மீனைக் குடல் நீக்கி, நாலு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு போட்டு ஊற வைத்துக் காய வையுங்கள். காய்ந்ததற்கு அடையாளம்: நெத்திலியை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், பெரிய மீனைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. உப்புக் கருவாட்டில் ரோஸ் நிறப் படலம் வந்தால் அது அழுக்கு உப்பில் வரும் கிருமி. அந்த உப்பை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஈ வராமல் இருக்கப் பூச்சி மருந்து அடிக்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். கொசுவலை போதும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து: முறுக்கு, மிக்சர் போடுகிறேன். 6 லட்சத்துக்கு மிஷின் வாங்க வேண்டும். மானியக் கடன் எது நல்லது?

தம்பி, இரண்டு வழி. ஒன்று பி.எம்.எஃப்.எம்.இ., 2020 ஜூனில் வந்த உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டம். தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம். உங்கள் கைக்காசு குறைந்தது 10 சதவீதம். 6 லட்சத்துக்கு நீங்கள் 60 ஆயிரம் போட வேண்டும், மானியம் 2 லட்சத்து 10 ஆயிரம் வரை. இன்னொன்று பி.எம்.இ.ஜி.பி., பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். அதில் நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 15, பெண்களுக்கும் சிறப்புப் பிரிவினருக்கும் 25 சதவீதம் மானியம். கணக்குப்படி முதலாவதுதான் உங்களுக்கு லாபம். அது 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்ட திட்டம், அதனால் மனு வாங்குகிறார்களா என்று கிண்டியில் தொழில் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

எல்லாரும் தவறாக நினைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. மானியம் உங்கள் கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டினால்தான் கடனில் கழியும். நடுவில் கடன் வாராக்கடனானால் மானியமும் போச்சு. ஆகவே கைக்காசு போக மீதி 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் முதல் தடவை போன வங்கியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது வங்கியில் அந்த நீள நோட்டைத்தான் மேசையில் வைத்தேன். மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "திட்ட அறிக்கை அப்புறம் தாங்க, இதை ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்.

மிஷினுக்கு முன் மின்சாரம். வீட்டு மீட்டரில் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் பெரிது. குறுந்தொழிலுக்கு த்ரீ ஏ ஒன் என்று தனிப்பிரிவு இருக்கிறது, 12 கிலோவாட் வரை. அதில் இணைப்பு வாங்குங்கள்.

முறுக்கு ஒரு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றி ஊற்றிச் சுடுவதை நிறுத்துங்கள். முறுக்கு நன்றாக ஆறட்டும், ஆனால் ஆறியதும் அடைத்துவிட வேண்டும். நம் பக்கம் கடல்காற்று, ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் காலையில் நமத்துவிடும். கண்ணாடி கவருக்குப் பதில் உள்ளே வெள்ளி பூசின லேமினேட் கவர். எண்ணெய்ப் பண்டத்துக்கு வெளிச்சமும் எதிரி.

வியாசர்பாடி மகளிர் குழு: இட்லி மாவு பாக்கெட் கடையில் ஊதி வெடிக்கிறது. கடைக்காரர் திருப்பித் தருகிறார்.

மாவு புளிக்கும்போது வாயு வரும், ஊதுவது அதனால்தான். அரைக்கும்போதே மாவு சூடானால் புளிப்பு வேகமெடுக்கும். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். புளித்த பிறகு அடைக்காமல், அரைத்த கையோடு அடைத்து உடனே குளிரில் வையுங்கள். கடைக்கு டெலிவரியும் தெர்மாகோல் பெட்டியில் போகட்டும். கடைக்காரர் ராத்திரி ஃபிரிட்ஜை அணைக்கிறாரா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கே இருக்கும். கிரைண்டர் கல்லின் அடியில் பழைய மாவு ஒட்டியிருந்தால் அதுவே உறைமோர் மாதிரி வேலை செய்யும், தினமும் கழற்றிக் கழுவுங்கள்.

குழுவாக இருப்பதால் ஒரு நன்மை: நான் மேலே சொன்ன அதே பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு 40 ஆயிரம் வரை தொடக்க மூலதனம் உண்டு, சின்னக் கருவிகளுக்கும் நடைமுறைச் செலவுக்கும். கூட்டமைப்பு மூலம் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: கூலிக்கு அப்பளம் இட்டுக்கொண்டிருந்தேன். இனி சொந்தப் பெயரில் போட ஆசை. என்னென்ன பதிவு வேண்டும்?

ரொம்பச் சந்தோஷம்மா. வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வருடத்துக்கு 100 ரூபாய், ஃபாஸ்காஸ் இணையதளத்தில். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிற இடைத்தரகரிடம் போகாதீர்கள். உத்யம் என்கிற குறு, சிறு தொழில் பதிவு இலவசம். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. வரியே கிடையாது.

லேபிளில் 14 இலக்கப் பதிவு எண், அதிகம் சேர்ந்ததிலிருந்து குறைவானது என்ற வரிசையில் சேர்மானங்கள், சத்து விவரம், எடை, தயாரித்த தேதி, கெடும் தேதி, பேட்ச் எண், முகவரி, புகார் எண், பச்சைப் புள்ளி, அதிகபட்ச விலை. அதோடு ஒரு கிராம் என்ன விலை என்பதும். 200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 45 காசு. (இறால் ஊறுகாய்க்காரர்களுக்கு: அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம்.) சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும் என்றெல்லாம் எதையும் அச்சடிக்காதீர்கள், சட்டம் அனுமதிக்காது.

மொட்டை மாடியில் காய வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துத் தூசி உங்களுக்குத் தெரியும். காலையில் ஒரு வெள்ளைத் தட்டை மாடியில் வைத்துச் சாயந்தரம் விரலால் தடவிப் பாருங்கள். பாலிகார்பனேட் கூரை போட்ட சூரிய உலர்த்தி ஒன்றுக்குத்தான் நான் முதல் செலவைச் செய்வேன்.

திருவொற்றியூரிலிருந்து: கடைகளில் சரக்கு எடுத்துக்கொண்டு மூன்று மாதம் பணம் தருவதில்லை.

உத்யம் எண் இதற்குத்தான் உதவும். பில்லில் அச்சடியுங்கள். 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வட்டி உண்டு. பெரிய கடையென்றால் இதைச் சொன்னாலே அசைவு தெரியும். தெருமுனைக் கடைக்கு நான் செய்வது வேறு: பழைய பில் பணம் வந்தால்தான் புதுச் சரக்கு. இரண்டு கடை போகும். போகட்டும்.

கொடுங்கையூரிலிருந்து: 2023 டிசம்பர் மழையில் சத்துமாவு மூட்டை எல்லாம் போய்விட்டது. மழைக்கு முன்னால் என்ன செய்வது?

மிக்ஜாம் சமயம் என் வீட்டிலும் முழங்கால் வரை தண்ணீர். தரையில் இருந்த மல்லி மூட்டை மூன்றும் போனது. இப்போது தரையில் எதுவும் கிடையாது, இரும்பு ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு மேல்தான். அக்டோபரிலிருந்து பத்து நாள் ஓட்டத்துக்கு மேல் மாவு அரைப்பதில்லை, தானியமாகவே மூடி போட்ட டிரம்மில் இருக்கும். சரக்குக்குக் காப்பீடு செய்யுங்கள், கடன் இருந்தால் வங்கியே கேட்கும். பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நனைந்த மாவைக் காய வைத்து விற்க மட்டும் யோசிக்காதீர்கள். குழந்தைகள் குடிக்கிற மாவு அது.

நோட்டு எப்படிக் கோடு போடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என்னுடையதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அடுத்த முறை போடுகிறேன்.