கடும் வெயிலில் படம் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை எவ்வளவில் வைக்க வேண்டும்?

நல்லூர்த் தேரன்று எடுத்த படங்களில் வேட்டிகளெல்லாம் மடிப்புக்கூடத் தெரியாமல் வெளுத்துவிட்டன, ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் முகங்கள் கறுத்துவிடுகின்றன, வெயிலுக்கு எந்த வேகம் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். வேகத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மேகமில்லாத வெயிலுக்கென்று ஒரு நிலையான கணக்கு இருக்கிறது. அது கைவசம் இருந்தால் ஒளியை அளக்கும் கமரா மீட்டர் உங்களை அலைக்கழிக்காது.

நிழல் கூர்மையாக விழும் வெயிலில் லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 16இல் வைத்தால் (எஃப் எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெரிதாகும்), ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ எண் எதுவோ அதன் கீழ் ஒன்றுதான் ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 செக்கன், 200 என்றால் 1/200. பிலிம் காலத்தில் மீட்டர் இல்லாத கமராக்களில் இதை வைத்துத்தான் எடுத்தார்கள். துவாரத்தை 16இலிருந்து 11, 8, 5.6, 4, 2.8 என்று ஒவ்வொரு படியாகத் திறக்கும்போது உள்ளே வரும் ஒளி இரட்டிக்கும். ஆகவே வேகத்தையும் இரட்டிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100இல் எஃப் 8க்கு 1/400, எஃப் 5.6க்கு 1/800, எஃப் 2.8க்கு 1/3200. இவை எல்லாமே ஒரே வெளிச்சமுள்ள படத்தைத்தான் தரும். அசைவு எவ்வளவு உறைகிறது, பின்னணி எவ்வளவு மங்குகிறது என்பவை மட்டுமே மாறும்.

இனி உங்கள் வேட்டிக்கு வருவோம். கமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்டத்தான் கணக்குப் போடும். முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. வெயில் நேரத்தில் யாழ். பொது நூலகத்துக்கு முன்னால் நின்று, வெள்ளைச் சுவர் படச் சட்டம் முழுக்க நிறையும்படி, எண்களைக் கமராவே தெரிவு செய்யும் ஓட்டோ முறையில் ஒரு படம் எடுங்கள். பிறகு அதே வெயில் விழும் ஒரு பனையின் கறுத்த அடிமரத்தை அதேபோல எடுங்கள். இரண்டிலும் கமரா தெரிவு செய்த எண்கள் வெகுவாக வேறுபட்டிருக்கும். சுவர் அழுக்குச் சாம்பலாகியிருக்கும், மரம் வெளிறியிருக்கும். சூரியன் கொஞ்சமும் மாறவில்லை, மீட்டர்தான் மாறியது. மேலே சொன்ன கணக்கில் எடுத்தால் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் நிற்கும்.

தேர்க் கூட்டத்தில் சட்டத்தை நிறைப்பவை கருந்தலைகளும் மேலாடை இல்லாத உடல்களும். அதில் வேட்டி சிறு பகுதிதான். மீட்டர் "இருட்டாக இருக்கிறது" என்று முடிவெடுத்து ஒளியைக் கூட்டும், அதோடு வேட்டியின் மடிப்பு போய்விடும். அதனால்தான் நான் வெயிலில் மனுவலில், அதாவது எண்களை நீங்களே வைத்து, எடுக்கச் சொல்கிறேன். ஒருமுறை எண்ணைப் பூட்டிவிட்டால் சட்டத்துக்குள் யார் வந்தாலும் போனாலும் வெளிச்சம் குழம்பாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தீர்களா? வெயிலில் எஃப் 1.8க்கு ஐஎஸ்ஓ 100இல் ஏறத்தாழ 1/8000 வேண்டும். ஆரம்ப நிலைக் கமராக்கள் பல 1/4000ஓடு நின்றுவிடும். முதல்நாள் இரவு சப்பறத்துக்கு வைத்த ஐஎஸ்ஓ 1600 மாறாமல் கிடந்தால் சொல்லவே வேண்டாம். பின்னணி மங்கத்தான் வேண்டுமென்றால் ஒளியைக் குறைக்கும் என்டி பில்டர் போடுங்கள், இல்லையேல் எஃப் 4க்கு வந்துவிடுங்கள்.

வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது அசைவு. ஊர்ந்து வரும் தேருக்கு 1/250 தாராளம். காவடி ஆட்டத்துக்கு 1/500. சிதறு தேங்காய் உடையும் கணத்துக்கு 1/1000க்கு மேல். தேரின் பின்னால் பிரதட்டை செய்பவர்களை நான் என்றால் உறைய வைக்க மாட்டேன், 1/30க்கு இறங்கி அந்த உருளலைப் படத்தில் இழுபட விடுவேன். வெயிலில் அவ்வளவு மெதுவாகப் போக எஃப் 22உம் போதாது, அங்கேயும் என்டி பில்டர்தான்.

முகம் கறுப்பதற்கு ஷட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நல்லூர்த் திருவிழாக் காலமும் அதை ஒட்டியதுதான். உச்சி வெயிலில் கண்குழியும் மூக்கின் அடியும் இருண்டுதான் இருக்கும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் வேட்டி போகும். ஆளை இடம் மாற்றுவதே வழி. தண்ணீர்ப் பந்தலின் விளிம்பில், முகம் நிழலுக்குள்ளும் பார்வை வெளியே வெயில் விழும் மணலை நோக்கியும் இருக்கும்படி நிறுத்துங்கள். மணலில் பட்டுத் திரும்பும் ஒளி கண்குழியை நிரப்பிவிடும். எந்தப் பிளாஷும் அவ்வளவு மென்மையாக நிரப்பாது. ஆனால் நிழலுக்கு எண் வேறு, மூன்று படியாவது திறக்க வேண்டியிருக்கும்.

மணற்காடு, கசூரினா கடற்கரை போன்ற இடங்களில் மணல் எதிரொளிப்பதால் கணக்கிலிருந்து ஒரு படி குறையுங்கள். எஃப் 16க்குப் பதில் எஃப் 22, அல்லது வேகம் இரட்டிப்பு. காலை வெயில் அதற்கு நேர்மாறு. தேர் வெளிக்கிடும் நேரத்தில் சூரியன் இன்னும் தாழ்வாக இருப்பதால் ஒரு படி கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்த தேருக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/800 என்று வைத்துத் தொடங்குங்கள். வெயில் ஏற ஏற 1/1600க்குப் போங்கள். கோயில் நிழல் விழும் பக்கத்துக்குத் தேர் திரும்பினால் ஐஎஸ்ஓ 800, 1/400. வெயிலில் கமராத் திரையைப் பார்த்து வெளிச்சத்தை மதிப்பிடாதீர்கள், எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டி நிற்கிறதா, வெளுத்த இடம் மின்னிக் காட்டுகிறதா என்று பாருங்கள். வேட்டி மின்னினால் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். கைபேசி என்றால் திரையில் வேட்டியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மடிப்புத் தெரியும்வரை கீழே இழுத்தால் போதும்.