பனியன் சாம்பிளும் மொரீஷியஸ் கணக்கும்

கே: மொரீஷியஸில் ஜனத்தொகையே 12 லட்சத்துச் சொச்சம்தானாம். கடற்கரை, டூரிஸ்ட், ரூபாய் நோட்டில் தமிழ்கூட உண்டு என்கிறார்கள். இவ்வளவு சின்ன ஊரை நடத்துவதில் அப்படி என்ன பொருளாதாரக் கஷ்டம்? (வாசகி, மயிலாடுதுறை)

ப: நோட்டு விஷயம் உண்மைதான். 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்ததில் அந்த நோட்டுகளையே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

கஷ்டத்தை என் தொழிலை வைத்தே சொல்கிறேன். திருப்பூரில் 26 வருஷம் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தைத்து அனுப்பும் வரை பார்த்துக்கொள்பவனாகக் குப்பை கொட்டியவன் நான். 2005 தொடக்கத்தில் ஐரோப்பிய பையர் ஒருவர் ஒரு சாம்பிள் அனுப்பினார். வெள்ளை ரவுண்ட் நெக் டி-ஷர்ட். கழுத்து லேபிளில் 'மேட் இன் மொரீஷியஸ்'. இதே மாதிரி வேண்டும், விலை மட்டும் குறைய வேண்டும் என்றார். கழுத்துப் பட்டையான ரிப்பை இழுத்து விட்டேன், பழையபடி படிந்து உட்கார்ந்தது. தோளில் டேப் வைத்துத் தைத்திருந்தார்கள். குறை சொல்ல ஒரு பிசிறுகூட இல்லை. இருந்தும் ஆர்டர் எங்களுக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார் முதலாளி. அந்தச் சாம்பிளை மொரீஷியஸில் தைத்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

2004 டிசம்பர் 31 வரை இந்தியாவும் சீனாவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இத்தனை பீஸ்தான் அனுப்பலாம் என்று கோட்டா இருந்தது. திருப்பூரில் கோட்டாவையே வாங்கி விற்றுக் காசு பார்த்தவர்கள் உண்டு. மொரீஷியஸுக்கோ ஐரோப்பாவில் கோட்டாவும் கிடையாது, வரியும் கிடையாது. 1970-ல் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு வரிச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வேறு போட்டிருந்தார்கள். ஹாங்காங் முதலாளிகள் அங்கே போய் மெஷின் போட்டதற்கு இதுதான் காரணம். கோட்டா ஒழியப்போகிறது என்று தெரிந்ததுமே மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

சர்க்கரையும் இதே கதைதான். ஐரோப்பா தன் பழைய காலனி நாடுகளோடு போட்ட 1975 லோமே ஒப்பந்தப்படி வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் டன்னை உறுதியான விலைக்கு ஐரோப்பா எடுத்துக்கொண்டது. பெரும்பாலான வருஷங்களில் அது உலகச் சந்தை விலையைவிட நல்ல விலை. 2006-லிருந்து படிப்படியாக 36 சதவீதம் வெட்டினார்கள். 2009-ல் அந்த ஏற்பாடே முடிந்தது. மூன்றாவது, நம்மோடு 1982-ல் போட்ட வரி ஒப்பந்தம். மொரீஷியஸ் வழியாக வந்த பணம் நம் பங்குச் சந்தையில் சம்பாதித்த லாபத்துக்கு இங்கே வரி இல்லை, அங்கேயும் இல்லை. 2016-ல் நாம் அதைத் திருத்தி, அந்த லாபத்துக்கு இங்கே வரி என்று ஆக்கினோம்.

ஆக, மூன்று முறையும் தீவு தலையெடுத்தது வேறு ஊர்க்காரர்களும் சேர்ந்து போட்ட கையெழுத்தால். அவர்கள் மனசு மாறியபோதெல்லாம் அடி விழுந்தது. சின்ன ஊருக்குப் பேரம் பேச என்ன பலம் இருக்கிறது? கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பஞ்சு விளையாது, சாப்பிடும் அரிசியும் கப்பலில்தான் வர வேண்டும். எங்களுக்கு நூல் தீர்ந்தால் கோயம்புத்தூருக்கு ஒரு டெம்போவை விரட்டினால் போதும்.

டூரிஸ்ட் என்கிறீர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். ஜூலையில் வகாஷியோ என்ற ஜப்பானியக் கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டில் அதிலிருந்து சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. அந்த ஒரே வருஷத்தில் பொருளாதாரம் ஏறக்குறைய 15 சதவீதம் சுருங்கிப்போனது. இத்தனைக்கும் நடுவே அங்கே பள்ளிப் படிப்பும் அரசு மருத்துவமும் இன்றைக்கும் இலவசம் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கே: சிங்கப்பூர் ஆன மாதிரி இவர்களும் ஆகிவிடலாமே? (வாசகர், தேனி)

ப: சிங்கப்பூர் வாசலிலேயே மலாக்கா நீரிணை. பக்கத்தில் மலேசியாவும் இந்தோனேசியாவும் இருக்கின்றன. மொரீஷியஸுக்கு அண்டைவீடு என்றால் ரீயூனியன் தீவு. அதை விட்டால் 800 கிலோமீட்டருக்கு அப்பால் மடகாஸ்கர். அதுவோ உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. கடை நன்றாக இருந்தாலும் தெருவில் ஆள் நடமாட்டம் வேண்டுமே!

கே: என் தம்பி டெய்லர். மொரீஷியஸ் கார்மெண்ட்ஸில் வேலை என்று ஒரு ஏஜென்ட் கூப்பிடுகிறார். போகலாமா? (வாசகி, ஈரோடு)

ப: வேலை இருப்பது நிஜம். அங்கே குழந்தைப் பிறப்பு குறைந்துவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகள் மெஷினில் உட்கார விரும்புவதும் இல்லை. பங்களாதேஷ், மடகாஸ்கர், இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். கூலி கட்டுப்படியாகாத சில கம்பெனிகள் மடகாஸ்கருக்கே தையலைக் கொண்டுபோய்விட்டன. அதனால் ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவில் யூனிட்டை மூடினால் திரும்பி வர டிக்கெட் யார் செலவு என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் ஏஜென்ட் நம் வெளியுறவுத் துறையில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டதும் மழுப்பினால் தம்பி ஈரோட்டிலேயே தைக்கட்டும்.