பிறந்த பிள்ளை: வாசகர் கேள்வி-பதில்

பால் போதாது, சீனித்தண்ணீர் பருக்கு என்கிறார் மாமி. பிள்ளைக்கு 3 நாள். (ஒட்டுசுட்டான்)

வேண்டாம். முதல் சில நாள் சுரக்கும் கடும்புப்பால் கொஞ்சமாகத்தான் வரும், அது போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. மாமியோடு வாதாடாமல், மிட்வைஃப் மிஸ் வரும்போது அவரையும் பக்கத்தில் இருத்துங்கள்.

பிள்ளை மஞ்சளாக இருக்கிறது. வெயிலில் பிடிக்கலாமா? (மாங்குளம்)

எத்தனை நாள் பிள்ளை? நிறை என்ன? எழுதவில்லை. எத்தனை தரம் கேட்பது! வெயில் மருந்தல்ல. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கால் வரை படர்ந்தால், பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மகள் கிளிநொச்சியில் இருக்கிறாள். பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். பிள்ளைக்கு 10 நாள், மிஸ் எட்டியும் பார்க்கவில்லை. (புதுக்குடியிருப்பு)

நான் வருடக்கணக்காகக் கத்துவது இதைத்தான். முதல் 10 நாளில் இரண்டு தரமாவது மிஸ் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தாயின் கிளினிக் கொப்பியில் இருப்பதோ கணவன் வீட்டு விலாசம். அங்கத்தைய மிஸ் போய்ப் படலையைத் தட்டினால் பூட்டு. உங்கள் மிஸ்ஸுக்கோ இப்படியொரு பிள்ளை இருப்பதே தெரியாது. இரண்டு கிலோ அளவில் பிறந்த ஒரு பிள்ளையை எட்டாம் நாள் என்னிடம் கொண்டுவந்தார்கள். பாதம் இரண்டும் சில்லிட்டிருந்தன. இடையில் ஒருவராவது துணியை விலக்கித் தொட்டுப் பார்த்திருந்தால்! வாட்டில் ஒரு கேள்வி போதும்: “இங்கிருந்து எந்த வீட்டுக்குப் போகிறீர்கள்?” அதைக் கேட்டு, தொலைபேசி இலக்கத்தோடு அந்தப் பகுதிக்கு அறிவிக்கட்டும். நீங்களும் எட்டாம் மாதமே இரண்டு மிஸ்மாருக்கும் சொல்லிவிடுங்கள். வரும் மிஸ்ஸை 31 நாள் துடக்கு என்று வெளியே நிறுத்தாதீர்கள். உங்கள் மிஸ்ஸை இன்றைக்கே அழையுங்கள்.

தொப்புளுக்கு என்ன பூசலாம்? (பூநகரி)

ஒன்றும் பூசாதீர்கள். காய்ந்து தானாக விழும்.

எங்கள் மாதர் சங்கம் என்ன செய்யலாம்? (நெடுங்கேணி)

ஒரு கொப்பி போடுங்கள். எட்டு மாதம் தாண்டிய தாய்மார், இரவிலும் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கம், இரண்டும் அதில் இருக்கட்டும். மாரியில் குளம் வான் பாய்ந்தால் எந்தப் பாதை மூடும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்துத் தாய்மாரைத் திகதிக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்க மிஸ்ஸோடு பேசுங்கள். அப்புறம், ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில் உங்களில் ஒருவர் இருக்கட்டும். வாட்டில் ஏச்சு வாங்கிய தாய் அடுத்த முறை பிந்தித்தான் வருவாள். அதை அங்கே எடுத்துச் சொல்லுங்கள்.

1.9 கிலோ பிள்ளை. கங்காரு முறை எதுவரை? (மடு)

2.5 கிலோ வரும்வரை, நாளுக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல், தோலோடு தோல். அப்பாவும் அணைக்கலாம். மார்கழிப் பனியில் தொப்பியும் காலுறையும் போடுங்கள். பாதம் குளிர்ந்து, பாலையும் மறுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.