சதுர அடியை மாற்றுவது எந்தக் கோட்? ஷெல்லிடமே கேளுங்கள்

கேள்வி: சார், ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அங்குள்ள ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பு) மென்பொருளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பழைய லாட் (தோல் தொகுதி) ஒன்றின் பதிவைத் திறந்து குறிப்பை மட்டும் திருத்திச் சேமித்தால், 150 என்றிருந்த சதுர அடி 1614.6 ஆகிவிடுகிறது. கோப்பு கோப்பாகத் தேடிச் சலித்துவிட்டேன். ஷெல்லில், அதாவது பைத்தான் கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் திரையில், கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 1614.6ஐ 150ஆல் வகுத்தால் 10.764. ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை சதுர அடி! மீட்டரை அடியாக்கும் கணக்கு, ஏற்கெனவே அடியில் இருக்கும் எண்ணின் மீதும் ஓடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 10.764 என்று கோப்புகளில் தேடிப் பாருங்கள். 0.0929ஆல் வகுத்தும் எழுதியிருக்கலாம், அதையும் தேடுங்கள். நான்கு இடங்களில் அகப்பட்டால், அவற்றில் எது ஓடுகிறது என்பதைச் சொல்ல ஷெல் வேண்டும்.

முதலில் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, ஷெல்லை அந்தப் பிரதியோடு இணையுங்கள். இதில் சமரசமே வேண்டாம். காட்பாடியில் ஒரு கடைக்கு வேலை செய்தபோது, நேரடித் தளத்தின் ஷெல்லில் ஒரே ஒரு பதிவைத்தான் சேமித்தேன். வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போய்விட்டது. டிரான்சாக்‌ஷனைத் திருப்பினால் தரவுத்தளம் பழையபடி ஆகும், போன எஸ்எம்எஸ் திரும்பி வராது. அதனால் பிரதியிலும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அமைப்புகளை அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

மேனேஜ் பைத்தான் கோப்பை ஷெல் கட்டளையோடு ஓட்டுங்கள். ஜாங்கோ 5.2 முதல் மாடல்கள் (தரவுத்தள அட்டவணைகளைக் குறிக்கும் வகுப்புகள்) தானாகவே இறக்குமதி ஆகிவிடும். அதற்கு முந்தைய பதிப்பென்றால் நீங்களே செய்ய வேண்டும். லாட் மாடலில் பதிவைச் சேமிக்கும் சேவ் முறை எந்த வகுப்பில் எழுதப்பட்டது என்பதை, இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட குவால்நேம் பண்பு சொல்லும். ஜாங்கோவின் மாடல் வகுப்பே பதிலாக வந்தால், யாரும் அதை மாற்றி எழுதவில்லை. வேறு வகுப்பின் பெயர் வந்தால், இன்ஸ்பெக்ட் தொகுதியின் கெட்சோர்ஸ் அந்த வரிகளை அப்படியே காட்டும். ஐபைத்தான் இருந்தால் பெயருக்குப் பின்னால் இரண்டு கேள்விக்குறி போட்டாலே போதும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால், என் சந்தேகம் சிக்னல் மேல்தான். பதிவைச் சேமிப்பது போன்ற நிகழ்வின்போது வேறு ஃபங்ஷன்களைத் தானாக ஓடவைக்கும் ஜாங்கோ வசதி அது. சேமிக்கும் முன் ஓடும் ப்ரீசேவ் சிக்னலுக்கு, மாடல் கோப்பில் சின்னத் தடயம்கூட இல்லாமல் போகலாம். கோப்பு கோப்பாகத் தேடியும் உங்களுக்குக் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ப்ரீசேவை இறக்குமதி செய்து அதன் ரிசீவர்ஸ் பட்டியலை அச்சிடுங்கள். ஒவ்வொரு உறுப்பும் ஒரு டியூபிள், அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகள். அதன் இரண்டாம் இடத்தில் பெரும்பாலும் வீக் ரெஃபரன்ஸ் (ஃபங்ஷனை நினைவகத்தில் பிடித்து வைக்காமல் சுட்டிக்காட்ட மட்டும் செய்வது) இருக்கும், அதை அழைத்தால் அசல் ஃபங்ஷன் கைக்கு வரும். அந்த ஃபங்ஷனை கெட்சோர்ஸிடம் கொடுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் திறக்கும் ஷெல் தனி ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல். ஊழியர்கள் பயன்படுத்தும் தளம் குனிகார்ன் போன்ற வலை சர்வரின் வேறொரு ப்ராசஸில் ஓடுகிறது. தரவுத்தளம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம், நினைவகம் பொதுவல்ல. போன வாரம் யாரோ கோப்பைத் திருத்திவிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருந்தால், ஷெல் புதுக் கோடைக் காட்டும், தளமோ பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ப்ராசஸ் தொடங்கிய நேரத்தையும் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஓடும் ப்ராசஸ் இந்த நொடியில் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று பார்க்க பைஸ்பை என்ற கருவி உதவும். பைத்தான் 3.14இல் பிழை தேடும் பிடிபி டீபக்கரையே ஓடும் ப்ராசஸோடு இணைக்கலாம். ஆனால் நீங்கள் அதை நிறுத்தி வைத்திருக்கும் நேரமெல்லாம் அந்தப் பக்கம் யாரோ பில் போட முடியாமல் காத்திருப்பார்கள். வேலை நேரத்தில் வேண்டாம்.

குற்றவாளி சிக்னல்தான் என்றால், புதிய பதிவா என்று பார்த்துவிட்டுப் பெருக்கச் சொல்லலாம். அதைவிட, எந்த அலகில் அளவு வந்தது என்று தெரியும் இடமான படிவத்துக்கே அந்தக் கணக்கை நகர்த்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி, ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகள். எல்லாவற்றையும் 10.764ஆல் வகுத்துவிடாதீர்கள். ஒருமுறை சேமித்ததும் உண்டு, இருமுறை சேமித்து 17,379 ஆனதும் இருக்கலாம், தொடாமலே விட்டதும் இருக்கும். ஒவ்வொரு லாட்டிலும் சதுர அடியைத் தோல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆட்டுத்தோல் ஒன்றுக்கு 50 சதுர அடி வராது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படிப் பொருந்தாத அளவு வரும் லாட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, அளவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.